உப்பு தேவையான அளவு

தமிழ்ச் சமையல் குறிப்புகளில் தவறாமல் வரும் ஒரு வரி உண்டு. ‘உப்பு – தேவையான அளவு.’ இந்த வரி யாருக்காக எழுதப்பட்டது? உப்பு எவ்வளவு போட வேண்டும் என்று தெரிந்தவருக்கு இது வேண்டியதில்லை. தெரியாதவருக்கு இதனால் பயனில்லை. ஆக, ஒருவருக்குமே உதவாத ஒரு வரியைத் தலைமுறை தலைமுறையாக அச்சடித்துக்கொண்டிருக்கிறோம். எழுதியவர் கையைக் கழுவிக்கொண்டார். குழம்பு கரித்தால் அது உன் பாடு.

சமையல் குறிப்பு எழுதுபவர்கள்மேல் எனக்குத் தனிக் கோபம் ஒன்றும் இல்லை. அவர்களும் நம் பள்ளிக்கூடங்களில் தமிழ் படித்தவர்கள்தானே. என் கோபம் அங்கேதான். பன்னிரண்டு வருடம் பிள்ளைகளை உட்காரவைத்துத் தமிழில் எழுதப் பழக்குகிறோம். கடிதம் எழுதுகிறார்கள், கட்டுரை எழுதுகிறார்கள், கவிதைக்கு நயம் பாராட்டுகிறார்கள். ‘உனக்குத் தெரிந்த ஒரு வேலையை, அது தெரியாத ஒருவர் உன்னைக் கூப்பிடாமலே செய்து முடிக்கும்படி எழுது’ என்று மட்டும் கேட்பதில்லை.

கேட்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஒவ்வொரு மாணவரும் வருடத்துக்கு இரண்டு வழிகாட்டிக் குறிப்புகளாவது தமிழில் எழுத வேண்டும். விஷயம் தெரியாத ஒரு ஆளின் கையில் அதைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். அந்த ஆள் வேலையை முடித்தால் மதிப்பெண். முடிக்காவிட்டால் திருத்தி எழுது. அவ்வளவுதான் கோரிக்கை. ‘இலக்கிய இதழில் வந்து இதையா பேசுவது?’ என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

*

பத்தாம் வகுப்புத் தமிழ் வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்று 5 மதிப்பெண். படிவம் நிரப்புவதற்கு 5 மதிப்பெண். குறிப்புகளைக் கொடுத்து முன்னுரை, முடிவுரையோடு பொதுக்கட்டுரை, 8 மதிப்பெண்.

படிவம் நிரப்பும் கேள்வியை நான் மதிக்கிறேன். யாரோ ஒருவர் நடைமுறை வாழ்க்கையை நினைத்துப் பார்த்து அதைச் சேர்த்திருக்கிறார். ஆனால் அந்தக் கேள்வி கேட்பது கொடுத்த விவரத்தைக் கட்டத்தில் எடுத்து எழுதுவதை. அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: ‘முதல் தடவையாக நூலகத்துக்கு வரும் ஒருவர் இந்தப் படிவத்தைத் தானே நிரப்பும்படி அரைப் பக்கம் எழுதுக.’ இப்போது மாணவர் யோசிக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் ஆள் நிற்பார்? எந்தச் சொல் புரியாது? எந்தத் தாளை வீட்டிலேயே மறந்துவிட்டு வருவார்? முதல் கேள்விக்கு அழகான கையெழுத்து போதும். இரண்டாவதற்கு இன்னொரு மனிதரைக் கற்பனை செய்ய வேண்டும்.

ஆங்கிலத் தாள் இந்த விஷயத்தில் கொஞ்சம் தேவலை. வரைபடத்தைக் காட்டி, ஊருக்குப் புதியவருக்கு வழி சொல் என்று 2 மதிப்பெண்ணுக்குக் கேட்கிறார்கள். அந்நிய மொழியில் வழி சொல்லலாம். தாய்மொழியில் என்றால் இயற்கையை வர்ணித்தால் போதும் போல.

இதன் அடியில் இருக்கும் கோளாறு வேறு. பரீட்சைத் தாளுக்கு ஒரே ஒரு வாசகர்தான், அதைத் திருத்துபவர். அவருக்கு விடை முன்பே தெரியும். ஒரு படியை விட்டுவிட்டால் அவரே மனதில் நிரப்பிக்கொள்வார். குழப்பி எழுதினாலும் முக்கியச் சொல் வந்திருக்கிறதா என்று பார்த்து டிக் போடுவார். பன்னிரண்டு வருடம் ஒரு பிள்ளை, தன்னைவிட அதிகம் தெரிந்த ஒருவருக்கு மட்டுமே எழுதிப் பழகுகிறது. தன்னைவிடக் குறைவாகத் தெரிந்த ஒருவருக்கு ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. பிறகு அந்தப் பிள்ளை வளர்ந்து அதிகாரி ஆகிறது, மருத்துவர் ஆகிறது, என்னைப் போல மென்பொருள் எழுதுகிறது. அரசாணையும், மருந்துச் சீட்டும், செயலியின் உதவிப் பக்கமும் ஏன் அப்படி இருக்கின்றன என்று பிறகு ஆச்சரியப்படுகிறோம்.

இதில் வேடிக்கை, தெளிவாக எழுதுவது எப்படி என்று தமிழில் இலக்கணமே இருக்கிறது. நன்னூல் பாயிரத்தில் பவணந்தி ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும், ஆக வேண்டிய பத்து அழகுகளையும், முப்பத்திரண்டு உத்திகளையும் எண்ணிச் சொல்கிறார். வேண்டியதைவிடக் குறைத்துச் சொன்னால் ‘குன்றக் கூறல்’ என்று குற்றம். படிப்பவரைக் குழப்பினால் ‘மயங்க வைத்தல்’ என்று குற்றம். நூல் என்று அவர் சொல்வது கற்பிக்கும் நூலை. பாயிரம் கற்பிப்பவருக்கும் கற்பவருக்கும்கூட இலக்கணம் சொல்கிறது. சுமார் எண்ணூறு வருடம் முந்தைய விஷயம் இது. பதினொன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் நன்னூல் பாயிரம் இருக்கிறது. மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள், எழுதுகிறார்கள், மதிப்பெண் வாங்குகிறார்கள். அதை வைத்துத் தாங்களே ஒரு பக்கம் எழுதிப் பார்த்ததில்லை. நீச்சலுக்குச் சூத்திரம் ஒப்பித்தவனுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது போல.

*

நான் குடியிருப்பது கேளம்பாக்கத்தில். இந்த ஊரின் அமைப்பைச் சொன்னால் என் வாதம் பாதி புரிந்துவிடும். பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரி வரை மென்பொருள் வளாகங்கள். வண்டலூர் சாலையிலும் படூர், காலவாக்கம் பக்கமும் பொறியியல் கல்லூரிகள். கோவளம் போகும் சாலையில் திரும்பினால் உப்பங்கழி, உப்பளம், அதற்கு அப்பால் கடல், மீனவர் குப்பம். அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்கு வீட்டிலேயே இரண்டு இன்ஜினியர்கள் இருப்பார்கள். உப்பு வாருகிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர், படகில் போகிறவர் பிள்ளைக்குப் பக்கத்திலேயே இத்தனை கல்லூரி இருந்தும், அதற்குள் போகும் வழியைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

அந்தப் பிள்ளை பிளஸ் டூ முடித்ததும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவருக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. 2010-இல் வந்த திட்டம். அதற்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மூலம் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முன்னால் ‘கேன்’ எண் என்று ஒன்றைப் பதிந்து வாங்க வேண்டும். வீட்டில் யார் எதுவரை படித்தார்கள் என்று காட்ட வேண்டும். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று கைமாறிப் போகும். எங்காவது ஒரு தாள் குறைந்தால் திரும்பி வரும். ஏன் திரும்பியது என்பதையும் யாராவது படித்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது கலந்தாய்வு. முன்பெல்லாம் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போவார்கள். 2018-இல் அது இணையத்துக்கு வந்தது. பேருந்துக் காசு மிச்சம், நல்லதுதான். ஆனால் விருப்பப் பட்டியலை எப்படி அடுக்குவது என்ற ஒரு விஷயம் இருக்கிறது. ‘எப்படியும் கிடைச்சிடும்’ என்று தோன்றும் கல்லூரியை மேலே போட்டுவிட்டு, ஆசைப்பட்ட கல்லூரியைக் கீழே போடுகிறார்கள். கணினிக்கு நம் மனசு தெரியாது. மேலே இருந்து பார்த்துக்கொண்டு வரும், கிடைக்கிற முதல் இடத்தைக் கொடுத்துவிடும். கீழே எழுதிய நல்ல கல்லூரி அந்த மதிப்பெண்ணுக்குக் கிடைக்கக்கூடியதாகவே இருந்தாலும் போச்சு. ஆசைப்பட்ட வரிசையிலேயே அடுக்கினால் நஷ்டமே இல்லை. இதைச் சொல்ல நான்கு வரி போதும். அந்த நான்கு வரி கிடைக்காமல் நான்கு வருடம் வேறு எங்கோ போய்விடுகிறது.

இந்த இடைவெளியில்தான் கடைகள் முளைக்கின்றன. ‘எல்லா சான்றிதழும் எடுத்துத் தரப்படும்’ என்று பலகை. கடைக்காரர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அவர்கள் விற்பது ஒரு எழுதப்படாத பக்கத்தை. அதை யாராவது நன்றாக எழுதிவிட்டால் விலை இறங்கும்.

அதை எழுதத் தகுதியான ஆள் யார்? அதிகாரி இல்லை, ஆசிரியர் இல்லை, என்னைப் போன்ற இன்ஜினியரும் இல்லை. போன மாதம் அதே படிவத்தோடு மல்லுக்கட்டிய பிளஸ் டூ மாணவி. எந்த இடத்தில் பக்கம் உறைந்து நின்றது, எந்தச் சொல்லைப் பார்த்துப் பயந்தாள், எந்தத் தாளுக்காக இரண்டாவது முறை பேருந்து ஏறினாள் என்பதெல்லாம் அவளுக்கு இன்னும் உடம்பில் இருக்கிறது. ஆறு மாதம் கழித்துக் கேளுங்கள். ‘ஒண்ணும் இல்லண்ணா, ஆன்லைன்ல அப்ளை பண்ணணும், அவ்ளோதான்’ என்பாள். அறிவு வந்ததும் முதலில் அழிவது அறியாமையின் நினைவு. ஆகவே தொடக்கநிலைக்காரருக்கு எழுத வேண்டிய நேரம், தானே அந்த நிலையைத் தாண்டிய அந்த வாரம்தான். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வருடம் முழுக்க எதையாவது முதல்முறையாகத் தாண்டிக்கொண்டே இருக்கிறார்கள். நம்மிடம் இருக்கும் மிகச் சிறந்த வழிகாட்டி எழுத்தாளர்கள் அவர்கள். அவர்களைக் கவினுற எழுதச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மென்பொருள் தொழிலில் இதைக் கொஞ்சம் புரிந்துவைத்திருக்கிறார்கள். ஒழுங்காக நடக்கும் குழுக்களில் புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒரு வழக்கம் உண்டு. மடிக்கணினியைத் தயார்செய்யும் குறிப்பைக் கொடுத்து, ‘இதைப் பார்த்துச் செய். எங்கே நிற்கிறாயோ அங்கே குறிப்பைத் திருத்து’ என்பார்கள். அவரது முதல் பங்களிப்பே அந்தத் திருத்தம்தான். ஒழுங்கில்லாத குழுவில் அந்தக் குறிப்பே இருக்காது. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான்: ‘அவர்கிட்ட கேளுங்க.’ அவர் விடுப்பில் போனால் சர்வரும் விடுப்பில் போகும். அவருக்கு அது பிடித்தும் இருந்தது. எழுதாமல் இருப்பதில் ஒரு அதிகாரம் இருக்கிறது.

கூகுள் 2010 முதல் 2019 வரை பள்ளி மாணவர்களுக்காக ‘கோட்-இன்’ என்ற போட்டியை நடத்தியது. பதின்மூன்று முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருள் குழுக்களோடு சேர்ந்து சின்னச் சின்ன வேலைகளை முடிக்க வேண்டும். நிரல் எழுதுவதற்கு இணையாக, ஆவணம் எழுதுவதும் பயிற்சிக் குறிப்பு தயாரிப்பதும் அதில் தனிப் பிரிவு. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பிள்ளைகள் கலந்துகொண்டார்கள். பதினைந்து வயதில் இது முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் எழுதியது பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழில் அந்த வேலையைச் செய்தவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வெளியே இருக்கிறார்கள். 2012-இல் தொடங்கிய ‘கணியம்’ இதழும், ‘எளிய தமிழில்’ என்ற தலைப்போடு வந்த அதன் கணினி நூல்களும் ஆர்வலர்கள் சம்பளமில்லாமல் செய்தவை. பாடத்திட்டம் செய்ய வேண்டியதைத் தன்னார்வலர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள்.

*

உப்புக்குத் திரும்புவோம். வயிற்றுப்போக்கில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த வங்கதேசத்தில், பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்து வருடம் வீடு வீடாகப் போனது. தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே விஷயம்: மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். இங்கே ‘உப்பு தேவையான அளவு’ என்று சொல்ல முடியாது. உப்பு கூடினால் குழந்தைக்கே ஆபத்து. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய. வீட்டில் அளவுக் கரண்டி கிடையாது. அதனால் தாயின் விரலையே அளவாக்கினார்கள். தண்ணீர் அளக்க வீட்டிலிருக்கும் பாத்திரத்திலேயே அடையாளம் காட்டினார்கள்.

என்னை அசைத்தது சம்பளம் கொடுத்த விதம். சொல்லிக்கொடுத்த பெண் ஊழியர் எத்தனை வீட்டுக்குப் போனார் என்று மட்டும் பார்க்கவில்லை. பிறகு வேறொருவர் சில வீடுகளுக்குப் போய், ‘அம்மா, நினைவிருக்கிறதா, செய்து காட்டுங்கள்’ என்று கேட்பார். தாய் எவ்வளவு சரியாகச் சொல்கிறார், செய்கிறார் என்பதைப் பொறுத்து ஊழியருக்குக் கூலி. பத்து வருடத்தில் 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு இப்படிப் போனார்கள். கேட்டவர் செய்து காட்டினால்தான் சொன்னவர் ஒழுங்காகச் சொன்னதாகக் கணக்கு. நம் விடைத்தாள் திருத்தும் முறைக்கு நேர் எதிர்.

இதைத்தான் வகுப்பறைக்குக் கொண்டுவரச் சொல்கிறேன். வீட்டுக்கு அருகே சில பிள்ளைகளோடு சில சனிக்கிழமைகள் செய்து பார்த்திருக்கிறேன். விதி ஒன்றுதான்: குறிப்பைப் புதியவர் கையில் கொடுத்துவிட்டு, எழுதியவர் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது. அவர் எங்கே நிற்கிறார், எங்கே திரும்பப் படிக்கிறார், எங்கே தப்பாகச் செய்கிறார் என்று எழுதிக்கொள்ளலாம்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி குக்கரில் சாதம் வைப்பது எப்படி என்று எழுதினாள். ‘அரிசியைக் கழுவி, தேவையான தண்ணீர் ஊற்றி, மூன்று விசில் வந்ததும் இறக்கவும்.’ இரண்டு வரி. படித்துச் செய்தவர் மேல்மாடியில் தனியாகத் தங்கி வேலைக்குப் போகும் இளைஞர். அதுவரை சோற்றுக்கு உலை வைத்ததில்லை. எந்த டம்ளர் என்று தேடினார். வெயிட்டை எப்போது போடுவது என்று விழித்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். மூன்றாவது விசில் வந்தது. அவர் இறக்கி வைத்தார், உடனே மூடியில் கை வைத்தார். ‘அண்ணா, திறக்காதீங்க!’ என்று கத்திவிட்டாள். விதி உடைந்தது, உடையத்தான் வேண்டும், ஆவி முகத்தில் அடித்திருக்கும். அடுத்த வாரம் அவள் எழுதி வந்ததின் முதல் வரியே இதுதான்: ‘விசில் அடங்கினாலும் உள்ளே ஆவி இருக்கும். வெயிட்டைக் கரண்டியால் லேசாகத் தூக்கிப் பார்த்து, ஆவி வருவது நின்ற பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும்.’ அரிசி அளந்த அதே டம்ளரால் தண்ணீர் என்றும் இருந்தது. இரண்டு வரி ஒரு பக்கமாகியிருந்தது, ஒரு வரிகூட உபரி இல்லை.

எச்சரிக்கையைச் செயலுக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று அவளுக்கு நான் சொல்லவே இல்லை. ஒரு மனிதர் மூடியை நோக்கிக் கை நீட்டியது சொல்லிவிட்டது.

அங்கிருந்து விதிகள் ஒவ்வொன்றாக வரும். ஒரு படிக்கு ஒரு செயல். ஒவ்வொரு படியும் சரியாக முடிந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு அடையாளம். வேண்டிய பொருளெல்லாம் தொடக்கத்திலேயே. ‘சும்மா’, ‘ஈஸியா’ என்ற சொற்களுக்குத் தடை, ஏனென்றால் செய்ய முடியாதவரை அவை அவமானப்படுத்துகின்றன. திரையில் பொத்தான்மேல் ‘சப்மிட்’ என்று இருந்தால் குறிப்பிலும் சப்மிட்தான். ‘சமர்ப்பி’ என்று எழுதிவிட்டால் அந்த ஆள் இல்லாத பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பார். தனித்தமிழ் அன்பர்கள் கோபிக்க வேண்டாம். திரையைத் தமிழில் மாற்றச் சொல்லி அரசிடம் சண்டை போடுவோம், நானும் வருகிறேன். மாறும்வரை வழி தேடுகிறவரைப் பலிகொடுக்கக் கூடாது.

கோலமும் நல்ல பயிற்சி. ‘15 புள்ளி, இடுக்குப்புள்ளி, 8 வரை’ என்று ஒரு வரி எழுதுவார்கள். தெரிந்தவருக்கு ஒரு வாசல் முழுவதையும் அதில் சுருட்டிக் கொடுத்துவிடலாம். தெரியாதவருக்கு அதில் ஒன்றுமே இல்லை. நடுவரிசையில் பதினைந்து, அதற்கு மேலும் கீழும் இடைவெளிகளில் ஒவ்வொன்றாகக் குறைத்து எட்டு வரை என்று விரித்துச் சொல்லிப் பார்த்த பிள்ளை, யாருக்கு எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து எழுத்து மாறும் என்பதைக் கற்றுவிடுகிறது. எந்த இலக்கியப் பட்டறையிலும் இதைவிடப் பெரிய பாடம் நான் கேட்டதில்லை.

*

இனி ஆட்சேபங்கள்.

‘யூடியூப் இருக்கிறதே?’ இருக்கிறது. பன்னிரண்டு நிமிட வீடியோவில் எனக்கு வேண்டிய ஏழு விநாடியைத் தேடிப் பிடிக்க வேண்டும். படிவம் மாறினால் வீடியோவைத் திருத்த முடியாது. அலுவலக வரிசையில், ஒரு கையில் குழந்தையோடு நிற்பவர் ஒரு தாளைப் பார்த்துக்கொள்ளலாம். வீடியோவை ஓட்டிக்கொண்டு நிற்க முடியாது. பாத்திரத்தைக் கையில் பிடித்துக் காட்ட வேண்டிய வேலைக்கு வீடியோ நல்லது. மற்றதுக்கு எழுத்துதான்.

‘ஏஐ எழுதித் தராதா?’ தரும். பிழையில்லாத தமிழில், கனிவாக, வரிசை எண் போட்டு ‘உப்பு தேவையான அளவு’ என்று தரும். அது யார் எதிரிலும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து பார்த்ததில்லை. அது எழுதியதில் எந்தப் படி விடுபட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கவாவது, விடுபட்ட படி என்றால் என்னவென்று தெரிந்த மனிதர்கள் வேண்டுமே.

‘ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம்.’ உண்மை. அதனால்தான் புதிய பாடம் கேட்கவில்லை. இருக்கும் பொதுக்கட்டுரைகளில் இரண்டை எடுத்துவிட்டு இதை வையுங்கள். திருத்தும் வேலையைப் பக்கத்து வகுப்பு மாணவர் செய்வார். அவரால் அந்தக் குறிப்பை வைத்து வேலையை முடிக்க முடிந்ததா என்பதுதானே கேள்வி.

கடைசியாக இலக்கிய நண்பர்கள். ‘இதெல்லாம் பயன்பாட்டு எழுத்து. இலக்கியம் வேறு.’ இந்த ஏளனத்துக்கு வயது அதிகம். கையால் செய்யும் வேலை தாழ்ந்தது, அதைப் பற்றி எழுதுவது அதைவிடத் தாழ்ந்தது என்ற பழைய நினைப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. வித்தையை மகனுக்கும் மருமகனுக்கும் மட்டும் சொல்லிவிட்டுக் கண்மூடுவதைப் பெருமையாகப் பேசிய சமூகம் நாம். எத்தனை மருந்தும் எத்தனை கலவையும் அப்படிப் போயின என்று கணக்கு எடுக்கக்கூட வழியில்லை.

கேளம்பாக்கத்திலிருந்து தெற்கே மாமல்லபுரத்துக்குப் போங்கள். 1957-இல் அங்கே அரசு சிற்பப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது, இன்று கல்லூரி. அதன் முதல்வராகப் பல வருடம் இருந்த வை. கணபதி ஸ்தபதி, குமரி முனையில் நிற்கும் திருவள்ளுவர் சிலையைச் செய்தவர். பரம்பரைச் சிற்பி. வாய்மொழியாகவும் வடமொழி நூல்களிலும் குடும்பங்களுக்குள் இருந்த அளவுகளையும் முறைகளையும் ‘சிற்பச் செந்நூல்’ என்று தமிழில் எழுதிவைத்தார். தெய்வ உருவத்துக்கான உத்தம தசதாளம் என்றால் மொத்த உயரம் 124 பங்கு. எந்த உறுப்புக்கு எத்தனை பங்கு என்பதற்கும் கணக்கு உண்டு. தேவையான அளவு மூக்கு என்று எங்கும் இல்லை. சிற்பி குடும்பத்தில் பிறக்காத ஒரு பிள்ளையும் உளியை எடுக்கலாம் என்பதற்கு அப்படி எழுதிவைத்த எழுத்தும் ஒரு காரணம்.

1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ வெளியிட்டார். பக்கத்தில் நின்று சொல்லித்தர மூத்தவர்கள் இல்லாத பெண், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அளவு பார்த்துச் சமைக்கலாம் என்ற எண்ணமே அன்று புதிது. ஊர் மாறிப் போனவர்களும் கடல் கடந்து போனவர்களும் அந்தப் புத்தகத்தைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்கள். எழுபது வருடத்துக்கு மேலாகியும் அச்சில் இருக்கிறது. அந்த அம்மாளை நம் உரைநடை வரலாற்றில் எந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்?

முகம் தெரியாத ஒருவர் எங்கே தடுமாறுவார் என்று முன்கூட்டியே யோசித்து, அந்த இடத்தில் ஒரு சொல்லை வைப்பது. நாவலாசிரியர் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். வழிகாட்டி எழுதுகிறவருக்கு ஒரே வித்தியாசம், வாசகர் தடுமாறினால் ‘உனக்கு ரசனை இல்லை’ என்று தப்பித்துக்கொள்ள முடியாது.

பாடத்திட்டக் குழு இதைப் படிக்கப்போவதில்லை. நீங்கள் படிக்கிறீர்கள். இந்த மாதம் நீங்கள் புதிதாகக் கற்ற ஏதோ ஒன்று இருக்கும். பட்டா மாற்றியதோ, டயாலிசிஸ் நாளில் அப்பாவைக் கூட்டிப்போனதோ, முதல் தடவை வரி கட்டியதோ. மறப்பதற்குள் ஒரு பக்கம் எழுதுங்கள். தெரிந்த ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்து, புரியாத இடத்தில் கோடு போடச் சொல்லுங்கள். கோடு விழும்போது விளக்கம் சொல்ல வாய் துடிக்கும். பேசாதீர்கள். பிறகு அந்தப் பிள்ளையிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, ‘இப்ப உனக்குத் தெரிஞ்ச ஒண்ணை எனக்கு எழுது’ என்று கேளுங்கள்.